டீச்சரிடம் கேளுங்கள்: தொகையீட்டுக் கணக்கு பயமுறுத்துகிறதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். ஈப்போவிலும் கம்பாரிலும் படிக்கிற, மலேசியாவின் பேராக் மாநிலத்து நம்ம சுங்கை சிப்புட் பிள்ளைகள் தேர்வு விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறார்கள், கையில் கால்குலஸ் புத்தகம், அதில் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்பது ஒரே பாடத்தில்: தொகையீட்டின் (இன்டெக்ரேஷன்) பயன்பாடுகள். அதனால் வேலை விண்ணப்பம், விடுதி, கடனுதவி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தத் தடவை முழுப் பக்கத்தையும் இதற்கே கொடுக்கிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் நான்காவது கேள்வியை மட்டுமாவது படியுங்கள், அது ஒரு அப்பா கேட்டது.

*

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் தோட்டத்தில் வளர்ந்தவள், இப்போது ஈப்போவில் பொறியியல் டிப்ளோமா படிக்கிறேன். அடுத்த வாரம் கால்குலஸ் தேர்வு. இன்டெக்ரேஷன் செய்ய வருகிறது, சப்ஸ்டிட்யூஷன், பை பார்ட்ஸ் எல்லாம் பிரச்சினை இல்லை. ஆனால் பரப்பளவு, கன அளவு, வேலை (ஒர்க்) என்று கேள்வி வந்தால் எந்த ஃபார்முலா போடுவது என்றே புரியவில்லை. எல்லா ஃபார்முலாவையும் பெரிய தாளில் எழுதி சுவரில் ஒட்டியிருக்கிறேன், தினமும் பார்க்கிறேன், மண்டையில் நிற்கவில்லை. என்ன செய்வது? (டிப்ளோமா மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: முதல் வேலையாக அந்தத் தாளைக் கழற்றிவிடு, தங்கச்சி. ஃபார்முலாப் பட்டியல் கண்முன்னே தொங்கினால், கேள்வியைப் படித்ததும் மனசு படத்தைத் தேடாது, பட்டியலைத்தான் தேடும், அதில் எதைப் பிடிப்பது என்ற குழப்பத்திலேயே நேரம் ஓடிவிடும். உனக்குத் தொகையிட வருகிறது என்றால் கஷ்டமான பகுதியை ஏற்கெனவே முடித்துவிட்டாய். இந்தப் பாடத்தில் மார்க் போவது தொகையிடும்போது இல்லை, அதற்கு முந்தின வரியில், எதைத் தொகையிடுவது என்று எழுதுகிறோமே அந்த ஒற்றை வரியில்.

அந்த வரி எப்படி வருகிறது? முழுசாக அளக்க முடியாத ஒன்றை மெல்லிய துண்டுகளாக அறுக்கிறோம். ஒரே ஒரு துண்டுக்கு உரிய அளவை எழுதுகிறோம். அப்புறம் எல்லாத் துண்டையும் கூட்டுகிறோம். அவ்வளவுதான். கால்குலஸை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1675இல் எழுதத் தொடங்கிய அந்த நீண்ட வளைந்த குறி (∫) உன்னிடம் சொல்வது "கூட்டு" என்பது மட்டுமே. பரப்பளவு என்றால் துண்டு ஒரு மெல்லிய செவ்வகம். கன அளவு என்றால் துண்டு ஒரு மெல்லிய தட்டு. வேலை என்றால் துண்டு ஒரு சிறு எடையும் அது ஏறவேண்டிய தூரமும். நீ சுவரில் ஒட்டிய எல்லாமே இந்த ஒரு யோசனையின் வெவ்வேறு வடிவம்தான், துண்டை வரையத் தெரிந்தவளுக்குச் சுவர் தேவைப்படாது.

செய்து பார்ப்போம், பென்சிலை எடு. ஒய் = எக்ஸ் என்ற கோடு, ஒய் = எக்ஸ்² என்ற வளைவு, இரண்டும் 0இலும் 1இலும் சந்திக்கின்றன. நடுவே ஒரு மெல்லிய வாழை இலை மாதிரி ஒரு பகுதி கிடைக்கும். அதற்குள் செங்குத்தாக ஒரு குறுகிய பட்டை வரை. பட்டையின் மேல்முனை எதில் தொடுகிறது? கோட்டில். கீழ்முனை? வளைவில். அப்படியானால் உயரம் எக்ஸ் − எக்ஸ்², அகலம் டிஎக்ஸ். 0இலிருந்து 1 வரை கூட்டினால் 1/2 − 1/3 = 1/6. இதுதான் பரப்பளவு. இங்கே மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று படம் சொன்னது. படம் வரையாதவர்கள் எக்ஸ்² − எக்ஸ் என்று எழுதி −1/6 என்று விடை கண்டு, கழித்தல் குறியை ஓசைப்படாமல் அழித்துவிடுவார்கள். திருத்துகிறவருக்கு அது தெரியும்.

இப்போது அதே பகுதியை எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்று. அந்தப் பட்டை சுழலும்போது என்ன ஆகும்? அது அச்சைத் தொடவில்லை, அதனால் நடுவில் ஓட்டை உள்ள தட்டு, குழாய்க்குப் போடும் வாஷர் மாதிரி. வெளி ஆரம் எக்ஸ், உள் ஆரம் எக்ஸ்². ஒரு வாஷரின் பரப்பு பை (π) × (வெளி ஆரத்தின் வர்க்கம் − உள் ஆரத்தின் வர்க்கம்), அதாவது பை × (எக்ஸ்² − எக்ஸ்⁴). கூட்டினால் பை × (1/3 − 1/5) = 2பை/15.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிற்கிறேன். "இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடு, அதை வர்க்கப்படுத்து, பையால் பெருக்கு" என்று எழுதினால் பை × (எக்ஸ் − எக்ஸ்²)² வரும், விடை பை/30. சரியான விடை 4பை/30. நாலில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கிறது! வித்தியாசத்தை முதலில் எடுத்து வர்க்கப்படுத்தினால் ஓட்டை இல்லாத வேறொரு பொருளின் கன அளவு வருகிறது, கேட்ட பொருளின் அளவு வரவில்லை. தனித்தனியாக வர்க்கம், பிறகு கழித்தல். இதை மனப்பாடம் செய்யாதே, ஒரு வாஷரைக் கையால் வரைந்து, பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து ஓட்டையின் பரப்பைக் கழி, பிறகு இந்தத் தவற்றைச் செய்ய உன் கையே விடாது.

விடை வந்ததும் அது நியாயமாக இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். உன் வீட்டில் யாராவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்திருந்தால், அந்தப் பாலைப் பிடிக்கும் கிண்ணமான பால் மங்கு பழைய சாமான்களோடு கிடக்கும், எடுத்துப் பார். அதன் உட்பக்கம் ஏறக்குறைய ஒரு பரவளைவு. கணக்குக்காக ஆழம் 6 செ.மீ., வாய் ஆரம் 6 செ.மீ., வளைவு ஒய் = எக்ஸ்²/6 என்று வைத்துக்கொள். படுக்கை வாட்டத்தில் ஒரு தட்டை எடுத்தால் ஆரத்தின் வர்க்கம் எக்ஸ்² = 6ஒய், தட்டின் கன அளவு பை × 6ஒய் × டிஒய். 0இலிருந்து 6 வரை கூட்டினால் 108பை, சுமார் 339 க.செ.மீ. இது சரியா? அதே வாயும் ஆழமும் உள்ள உருளை 216பை, கூம்பு 72பை. மங்கு கூம்பைவிடத் தடியானது, உருளையைவிட ஒடுங்கியது, 108பை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது, சரி. பரவளைவுக் கிண்ணம் தன்னை மூடும் உருளையில் சரிபாதி என்பது ஆர்க்கிமிடீசுக்கே தெரிந்த சங்கதி. இன்னொன்றும் போட்டுப் பார்: பாதி ஆழம் வரை, அதாவது 3 செ.மீ. வரை பால் இருந்தால் 27பை, நாலில் ஒரு பங்கு. பாதி ஆழம் நிறைந்தால் பாதிப் பால் என்று யாரும் நம்பமாட்டார்கள் அல்லவா, கணக்கும் அதையே சொல்கிறது.

படிக்கிற முறை பற்றி ஒரு வார்த்தை. பழைய கேள்வித்தாள்களை எடுத்து, விடை வரை போகாமல், படம், ஒரு துண்டு, எல்லைகள், தொகையிட வேண்டிய அந்த ஒரு வரி, இவ்வளவோடு நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. ஒரு சாயங்காலத்தில் நிறையக் கேள்விகளை இப்படிப் பார்த்துவிடலாம். தொகையிடுவது உனக்கு வருகிறது, அதையே திரும்பத் திரும்பச் செய்தால் படித்த திருப்தி கிடைக்கும், மார்க் கிடைக்காது. அப்புறம், பாடப் புத்தக வரிசையில் செய்யாதே. புத்தகத்தில் 6.2 என்ற பகுதியில் இருக்கும் எல்லாக் கணக்கும் வாஷர் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், தேர்வுத்தாளில் அப்படித் தலைப்புப் போட்டுத் தரமாட்டார்கள். கலைத்துப் போட்டுச் செய்.

*

கேள்வி: சுழற்றிக் கிடைக்கும் பொருளின் கன அளவுக்கு டிஸ்க் முறையா ஷெல் முறையா என்று எப்படி முடிவு செய்வது டீச்சர்? எங்கள் விரிவுரையாளர் "எது சுலபமோ அது" என்கிறார். எது சுலபம் என்று தெரிந்தால் நான் ஏன் கேட்கிறேன்? (அடிப்படைப் படிப்பு மாணவர், கம்பார்)

பதில்: நியாயமான கோபம், தம்பி. வாழைத்தண்டை நினைத்துக்கொள். குறுக்கே அரிந்தால் வட்டத் துண்டுகள், அது டிஸ்க். மட்டையை ஒவ்வொன்றாக உரித்தால் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள், அது ஷெல். தண்டு ஒன்றுதான், அளவு மாறப்போவதில்லை, எந்தப் பக்கம் கத்தி வைக்கிறோம் என்பதே கேள்வி.

முடிவு செய்ய இரண்டு கேள்வி போதும். ஒன்று, பட்டையை எந்த வாட்டத்தில் வரைந்தால் அதன் இரண்டு முனைகளும் கடைசி வரை அதே இரண்டு வளைவுகளில் நிற்கும்? அந்த வாட்டத்தில் வரை. இரண்டு, அந்தப் பட்டை சுழலும் அச்சுக்குச் செங்குத்தா, இணையா? செங்குத்து என்றால் டிஸ்க் அல்லது வாஷர். இணை என்றால் ஷெல். நீ முடிவு செய்வது பட்டையை மட்டும்தான், முறையைப் பட்டையே முடிவு செய்துவிடும்.

மேலே தங்கச்சிக்குச் சொன்ன அதே பகுதியை இப்போது ஒய் அச்சைச் சுற்றிச் சுழற்று. செங்குத்துப் பட்டை ஒய் அச்சுக்கு இணை, ஆகவே ஷெல். ஒரு ஷெல்லை நீளவாக்கில் வெட்டி விரித்தால் தகரம் மாதிரி ஒரு செவ்வகத் தகடு: நீளம் 2பை × எக்ஸ், உயரம் எக்ஸ் − எக்ஸ்², தடிப்பு டிஎக்ஸ். கூட்டினால் 2பை × (1/3 − 1/4) = பை/6. நம்பிக்கை வரவில்லையா, படுக்கைப் பட்டை வைத்து வாஷராகச் செய். இப்போது வெளி ஆரம் ஒய்யின் வர்க்கமூலம், உள் ஆரம் ஒய். பை × (ஒய் − ஒய்²) கூட்டினால் பை × (1/2 − 1/3), அதே பை/6. தேர்வுக்கு முன்னால் ஒரு கணக்கையாவது இப்படி இரண்டு வழியிலும் செய்து இரண்டும் ஒன்றாக வருவதைக் கண்ணால் பார்த்துவிடு, அந்தத் தைரியம் புத்தகம் படித்து வராது.

அச்சு நகர்ந்தால் பயப்படாதே. எக்ஸ் = 2 என்ற கோட்டைச் சுற்றி என்றால் ஷெல்லின் ஆரம் எக்ஸ் இல்லை, பட்டைக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரம், 2 − எக்ஸ். மற்றது எல்லாம் அப்படியே, விடை பை/2. ஒய் = −1 என்ற கோட்டைச் சுற்றி என்றால் வாஷர், வெளி ஆரம் எக்ஸ் + 1, உள் ஆரம் எக்ஸ்² + 1, விடை 7பை/15. ஆரம் என்பது எப்போதுமே அச்சிலிருந்து உள்ள தூரம், அதைப் படத்தில் அம்புக்குறி போட்டு அளந்து எழுது.

பாப்பஸ் தேற்றம் உன் பாடத்தில் இருந்தால் அது ஒரு வரம். பகுதியின் பரப்பளவை, அதன் மையம் சுற்றிவரும் தூரத்தால் பெருக்கினால் கன அளவு. நம் பகுதியின் மையம் (1/2, 2/5), பரப்பு 1/6. எக்ஸ் = 2 கோட்டிலிருந்து மையத்துக்குத் தூரம் 3/2, ஆகவே 2பை × 3/2 × 1/6 = பை/2. ஒய் = −1 கோட்டிலிருந்து 7/5, ஆகவே 2பை × 7/5 × 1/6 = 7பை/15. ஒரு நிமிடத்தில் சரிபார்த்தாயிற்று.

*

கேள்வி: டீச்சர், ‘வேலை’ கணக்கு மட்டும் எனக்கு வரவே வராது. தொட்டியில் இருந்து தண்ணீர் இறைப்பது, ஸ்பிரிங் இழுப்பது. இயற்பியலையும் கணிதத்தையும் ஏன் சேர்க்கிறார்கள்? விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாமா? (டிப்ளோமா மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: விடாதே. இந்த வகைக் கேள்வியில் மார்க் அதிகம், தொகையீடு சுலபம், அதனால்தான் சொல்கிறேன்.

நேரான உருளைத் தொட்டி, ஆரம் 1 மீட்டர், உயரம் 2 மீட்டர், நிரம்பத் தண்ணீர். எல்லாத் தண்ணீரையும் விளிம்புக்கு மேலே இறைக்க எவ்வளவு வேலை? மொத்த எடையை ஒரு தூரத்தால் பெருக்க முடியாது, ஏனென்றால் மேலே இருக்கும் தண்ணீர் கொஞ்ச தூரம்தான் ஏறும், அடியில் இருப்பது 2 மீட்டர் ஏறவேண்டும். ஆகவே அறு. அடியிலிருந்து ஒய் உயரத்தில் ஒரு மெல்லிய தண்ணீர்த் தட்டு. கன அளவு பை × 1² × டிஒய். எடை 9,800 × பை × டிஒய் நியூட்டன் (ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ, ஈர்ப்பு 9.8). அது ஏறவேண்டிய தூரம் 2 − ஒய். பெருக்கி 0இலிருந்து 2 வரை கூட்டினால் 19,600பை, சுமார் 61,600 ஜூல். சரிபார்க்க: மொத்த எடை 19,600பை நியூட்டன், சராசரி தூரம் 1 மீட்டர். பொருந்துகிறது.

குழாய் வாய் விளிம்புக்கு 1 மீட்டர் மேலே என்று கேள்வியை மாற்றினால் எது மாறும்? தூரம் மட்டும், 3 − ஒய். எல்லை மாறாது, தண்ணீர் இன்னும் 0இலிருந்து 2 வரைதான் இருக்கிறது. எல்லையை 3 என்று போட்டுவிடுகிறவர்கள் இல்லாத தண்ணீரை இறைக்கிறார்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதை எல்லை சொல்லும், எங்கே போகிறது என்பதைத் தூரம் சொல்லும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் போதும், இந்த வகைக் கணக்கில் பாதித் தவறு போய்விடும்.

கூம்புத் தொட்டி, முனை கீழே, ஆழம் 3, மேல் ஆரம் 1.5 என்றால் தட்டின் ஆரம் உயரத்தோடு மாறும். வடிவொத்த முக்கோணம் போட்டு ஆரம் = ஒய்/2 என்று எடு, பள்ளியில் படித்ததுதான். வேலை 16,537.5பை ஜூல் வரவேண்டும், நீயே செய்து பார்.

ஸ்பிரிங்கில் ஒரே ஒரு பொறி. இயல்பான நீளம் 20 செ.மீ., 30 செ.மீ.க்கு இழுத்துப் பிடிக்க 40 நியூட்டன் வேண்டும், அப்படியானால் 30இலிருந்து 40 செ.மீ.க்கு இழுக்க எவ்வளவு வேலை என்று கேட்பார்கள். எக்ஸ் என்பது ஸ்பிரிங்கின் நீளம் இல்லை, இயல்பைவிட எவ்வளவு கூடுதலாக நீண்டது என்பது. ஆகவே மாறிலி 40 ÷ 0.1 = 400, எல்லை 0.1இலிருந்து 0.2. விடை 200 × (0.04 − 0.01) = 6 ஜூல். எல்லையை 0.3, 0.4 என்று போட்டால் 14 வரும், அது தவறு. செ.மீ.யை மீட்டராக மாற்ற மறக்காதே, கடைசியில் ஜூல் என்று எழுதவும் மறக்காதே.

*

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறேன். மூன்றாம் படிவம் வரைதான் படித்தேன். மகன் கல்லூரியில் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான், கேட்டால் "உங்களுக்குப் புரியாதுப்பா" என்கிறான். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்னால் ஏதாவது உதவ முடியுமா? (ஒரு தந்தை, சுங்கை சிப்புட்)

பதில்: முடியும் அண்ணே. உங்கள் ஸ்டோரில் டீசல் தொட்டி படுக்கை வாட்டத்தில் கிடக்கிறதா? அளவுக்குச்சியை விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து, அட்டவணையில் இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று எழுதுவீர்கள் அல்லவா? அந்த அட்டவணைக்குப் பின்னால் இருப்பது உங்கள் மகன் படிக்கும் இதே கணக்குதான்.

விட்டம் 1 மீட்டர், நீளம் 2 மீட்டர் உள்ள தொட்டி என்றால் நிரம்பினால் சுமார் 1,571 லிட்டர். குச்சியில் 50 செ.மீ. நனைந்தால் பாதி, சுமார் 785 லிட்டர், அதில் குழப்பம் இல்லை. ஆனால் 25 செ.மீ. நனைந்தால்? கால் பங்கு, 393 லிட்டர் என்று தோன்றும். உண்மையில் சுமார் 307 லிட்டர்தான், ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தொட்டி அடியில் ஒடுங்கி நடுவில் அகன்று இருப்பதால் அடியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறைந்த லிட்டர், நடுவில் அதிக லிட்டர். உங்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். மகனுக்கு இதைத் தொகையீடு போட்டு வரவழைக்கத் தெரியும், தொட்டியை நேரில் பார்த்திருக்கமாட்டான்.

அவனை ஒருநாள் உங்கள் மோட்டாரில் ஏற்றி ஸ்டோருக்குக் கூட்டிப் போங்கள், நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. குச்சியையும் அட்டவணையையும் காட்டி, "இந்த எண்கள் எப்படி வந்தன, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவன் சொல்ல முயலும்போது அவனுக்கே பாடம் தெளியும், எந்த இடத்தில் சொல்லத் திணறுகிறானோ அந்த இடம்தான் அவன் இன்னும் படிக்கவேண்டிய இடம். நான் வகுப்பில் பிள்ளைகளை ஜோடி சேர்த்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க விடுவது இதற்காகத்தான், வீட்டில் அந்த வேலையை உங்களைவிட நன்றாகச் செய்ய ஆள் கிடைக்காது.

இன்னொரு சங்கதியும் அவனிடம் சொல்லுங்கள். கோள்கள் சுற்றும் விதிகளைக் கண்டுபிடித்த கெப்ளர் 1613இல் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு வாங்கிய மதுப் பீப்பாய்களை வியாபாரி ஒரு குச்சியைச் சாய்வாக விட்டு அளந்து விலை சொன்னதைப் பார்த்து, பீப்பாயின் வடிவம் மாறினால் இந்த அளவு எப்படிச் சரியாகும் என்று யோசித்தார். அந்த யோசனை ஒரு புத்தகமாகவே வளர்ந்து 1615இல் வெளிவந்தது. நியூட்டனும் லைப்னிட்ஸும் பிறப்பதற்கு முன்பே பொருளை மெல்லிய துண்டுகளாக்கி அளந்த மனிதர் அவர். நீங்கள் தினமும் கையில் பிடிக்கும் குச்சிக்கு அவ்வளவு பெரிய சொந்தம் இருக்கிறது, அண்ணே. "உங்களுக்குப் புரியாது" என்ற பேச்சு அதன் பிறகு வராது.

ராத்திரி விழிப்பதைப் பற்றி: பன்னிரண்டு மணிக்கு மேல் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். தூக்கம் கெட்ட மூளை எல்லைகளை மாற்றிப் போடும், வர்க்கத்தை மறக்கும், தெரிந்த கணக்கும் தவறும். அம்மாவைவிட அப்பா சொன்னால் இதைக் கேட்பார்கள், எங்கள் பக்கத்து வீடுகளில் பார்க்கிறேன்.

*

கேள்வி: வளைவின் நீளம் கண்டுபிடிக்கும் கணக்கில் வர்க்கமூலத்துக்குள் மாட்டிக்கொள்கிறேன், தொகையிடவே முடியவில்லை. (மாணவி, கோல கங்சார்)

பதில்: பெரும்பாலும் வர்க்கமூலத்துக்குள் இருப்பது ஒரு முழு வர்க்கமாக அமையும்படிதான் கேள்வி எடுப்பார்கள். உதாரணம் ஒய் = எக்ஸ்³/6 + 1/(2எக்ஸ்), 1இலிருந்து 2 வரை. வகையீடு (டிஃபரன்ஷியேஷன்) எக்ஸ்²/2 − 1/(2எக்ஸ்²). இதை வர்க்கப்படுத்தினால் நடு உறுப்பு −1/2, அதோடு 1 கூட்டினால் +1/2 ஆகிவிடும், ஆக மொத்தமும் (எக்ஸ்²/2 + 1/(2எக்ஸ்²))² என்று மடங்கி வர்க்கமூலம் பறந்துவிடும். விடை 17/12. இரண்டு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்தால் சுமார் 1.36, வளைவு அதைவிடக் கொஞ்சம் நீளமாக 1.42, நியாயம்தான். நடு உறுப்பின் குறி மாறுகிறதா என்று எப்போதும் பார், மாறவில்லை என்றால் வகையீட்டில் தவறு இருக்க வாய்ப்பு அதிகம், திரும்பிப் போய்ச் சரிபார்.

*

கேள்வி: அச்சுக்குக் கீழே போகும் வளைவுக்குப் பரப்பளவு 0 என்று வருகிறது, எப்படி? (மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: ஒய் = எக்ஸ்³ − எக்ஸ், −1இலிருந்து 1 வரை நேராகத் தொகையிட்டால் 0தான் வரும், மேலே இருக்கும் 1/4உம் கீழே இருக்கும் −1/4உம் அடித்துக்கொள்கின்றன. பரப்பளவு கேட்டால் வளைவு அச்சை வெட்டும் இடத்தில் பிரித்து, கீழ்ப்பகுதியின் குறியை மாற்றிக் கூட்டு: 1/2. முதலில் வெட்டுப்புள்ளிகளைக் கண்டுபிடி, பிறகு மற்றது.

*

கேள்வி: தேர்வுக்குக் கால்குலேட்டர் கொண்டுபோகலாமாம். அதில் இன்டெக்ரேஷன் பட்டன் இருக்கிறது. அதை நம்பலாமா டீச்சர்? (டிப்ளோமா மாணவர், ஈப்போ)

பதில்: உங்கள் கல்லூரி அந்த மாடலை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள். அனுமதித்தால், கையால் செய்து முடித்த பிறகு சரிபார்க்க மட்டும் அதை அழுத்து, ஏனென்றால் அது எண்ணைத்தான் தரும், மார்க் தருவது நீ எழுதும் வரிகளுக்கு. 2பை/15 என்று நீ எழுதியிருந்தால் அது 0.4189 என்று காட்டவேண்டும். சைன், கோசைன் வந்தால் ரேடியனில் வைத்திருக்கிறாயா என்று பார், டிகிரியில் இருந்தால் விடை கன்னாபின்னா என்று வரும். முதல் நாளே பேட்டரி பார்த்துவிடு. தாளைக் கையில் வாங்கியதும் எல்லாக் கேள்விக்கும் ஓரத்தில் சின்னப் படமும் ஒரு துண்டும் போட்டுவிட்டு, நன்றாகத் தெரிந்ததிலிருந்து எழுத ஆரம்பி. தொகையீட்டில் மாட்டிக்கொண்டால் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போ, அமைப்பு சரியாக இருந்தால் அதற்குரிய மார்க் பெரும்பாலும் கிடைக்கும். முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்தக் கேள்வி வந்தது என்பதையும் சேர்த்து, அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு உதவும்.